வெறும் ஆண்ட்ராய்டா, கம்பெனி மாற்றித் தரும் ஆண்ட்ராய்டா? இரண்டையும் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

சாளரம்:
புது போன் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. கேமரா, திரை, சிப் எல்லாம் ஓரளவு முடிவு செய்துவிட்டேன், மிச்சம் இருக்கும் குழப்பம் மென்பொருளில்தான். யாரைக் கேட்டாலும் “ஸ்டாக் ஆண்ட்ராய்டு (கம்பெனி கை வைக்காத வெறும் ஆண்ட்ராய்டு) எடு, சுத்தமாக இருக்கும், வேகமாக இருக்கும்” என்கிறார்கள். எப்படி என்று கேட்டால் அதையே இன்னொரு முறை கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார்கள். இப்போது என்னிடம் இருப்பது நன்றாகவே மாற்றியமைக்கப்பட்ட ஸ்கின் (ஆண்ட்ராய்டின் மேல் போன் கம்பெனி போடும் தன் சொந்தப் பதிப்பு) உள்ள போன். எரிச்சல் உண்டு, ஆனால் நீளமான ஸ்கிரீன்ஷாட், ஒரே ஆப்பை இரண்டு கணக்கில் ஓட்டுவது, ஆப்புக்குப் பூட்டு போடுவது இதெல்லாம் கைக்குப் பழகிவிட்டது. ஸ்டாக்குக்குப் போனால் இவை போய்விடுமா? போனால் அதற்கு ஈடாக என்ன கிடைக்கும்? ஐபோன் வாங்கு என்று மட்டும் யாரும் வந்துவிடாதீர்கள், அந்தச் சண்டையை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய நெக்சஸ்:
ஸ்டாக்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சரி, காரணமும் சொல்கிறேன். எச்டிசி சென்ஸ், சாம்சங் டச்விஸ், மோட்டோரோலா மோட்டோபிளர் என்ற பழைய ஸ்கின்களின் காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரை ஜிபி ரேம் உள்ள போனில் வானிலை அனிமேஷன் ஓட்டினார்கள், மழை பெய்தால் திரையில் வைப்பர் ஓடும், ஆனால் போன் வந்தால் எடுக்க முடியாமல் திணறும். 16 ஜிபி கேலக்சி எஸ்4 வாங்கியவருக்குச் சொந்தமாகப் பயன்படுத்த மிஞ்சியது சுமார் 9 ஜிபிதான், மீதி முழுக்க சிஸ்டமும் அதோடு வந்த சரக்கும். அதே 2013இல் அதே எஸ்4ஐயும் எச்டிசி ஒன்னையும் ஸ்கின் இல்லாமல் கூகுள் பிளே எடிஷன் என்று விற்றார்கள். ஒரே வன்பொருள், அதில் எது இலகுவாக ஓடியது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு ரேம் பிரச்சினை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தி மாறவில்லை. இரண்டு பிரௌசர், இரண்டு கேலரி, இரண்டு ஆப் ஸ்டோர், இரண்டு உதவியாளர். கூகுளிடம் ஒரு கணக்கு, கம்பெனியிடம் இன்னொரு கணக்கு. கோப்பு மேலாளரைத் திறந்தால் விளம்பரம். பணம் கொடுத்து வாங்கிய பொருளில் எனக்கு ஏன் விளம்பரம்?

மூலநிரல்:
பழைய நெக்சஸ் அவர்களின் கோபம் நியாயம்தான், ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டுப் பேசலாம். “ஸ்டாக்” என்று நாம் சொல்வதை இங்கே யாரும் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஏஓஎஸ்பி என்கிற திறந்த மூலத் திட்டத்தின் நிரலை இறக்கி, கம்பைல் செய்து, எதையும் சேர்க்காமல் ஒரு போனில் போட்டுப் பாருங்கள். பிளே ஸ்டோர் கிடையாது. மேப்ஸ் கிடையாது. புஷ் நோட்டிஃபிகேஷன் கொண்டுவந்து சேர்க்கும் கூகுள் சேவை கிடையாது, அதனால் பாதி ஆப் ஊமையாக இருக்கும், சில ஆப் திறக்கவே மறுக்கும். கேமரா ஆப் என்று ஒன்று இருக்கும், அதில் படம் எடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்தத் திறந்த மூலத்திலேயே மின்னஞ்சல், இசை, நாட்காட்டி, கீபோர்டு எல்லாம் உருப்படியாக இருந்தன. கூகுள் ஒவ்வொன்றுக்கும் தன் சொந்த, மூடிய ஆப்பைக் கொண்டுவந்த பிறகு பழையவற்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டது.

கூகுளின் சொந்த போனான பிக்சலையே எடுங்கள், 2016இல் வந்த முதல் பிக்சலிலிருந்தே அதில் இருப்பது கூகுளின் ஸ்கின். பிக்சல் லாஞ்சர், கால் ஸ்கிரீன், பக்கத்தில் ஓடும் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் நவ் பிளேயிங், ரெக்கார்டர், இவை எதுவும் ஏஓஎஸ்பியில் இல்லை. போனை உலுக்கினால் டார்ச் எரியும் மோட்டோரோலாவின் வசதியும் இல்லை. நத்திங் போனின் புள்ளி எழுத்துகளும் இல்லை. எல்லோரும் மாற்றுகிறார்கள், யார் எவ்வளவு மாற்றுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சிலிருந்து ஆண்ட்ராய்டு உருவாக்க வேலை முழுவதையும் கூகுள் தன் உள் கிளைகளுக்கு மாற்றிக்கொண்டது, பதிப்பு வெளியான பிறகுதான் நிரல் வெளியே வரும். அதே ஆண்டு ஆண்ட்ராய்டு 16 வந்தபோது பிக்சல் போன்களுக்கான சாதன நிரல்களை முன்புபோல வெளியிடவும் இல்லை. “வெறும் ஆண்ட்ராய்டு” என்ற சொல்லே நாளுக்கு நாள் கூகுளின் ஆண்ட்ராய்டு என்ற அர்த்தத்துக்குச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய நெக்சஸ்:
அது எல்லாருக்கும் தெரியும் சார். பேச்சுவழக்கில் ஸ்டாக் என்றால் பிக்சல், மோட்டோரோலா, நோக்கியா பெயரில் வந்த எச்எம்டி போன்கள், அந்த வகை. நான் சொன்னதும் அதைத்தான்.

மூலநிரல்:
எல்லாருக்கும் தெரிந்திருந்தால் “சுத்தம்” என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்த மாட்டார்கள்.

ஒற்றைக்கை:
நான் எதிர்க்கட்சி. ஸ்கின்களைத் திட்டுபவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள், இன்று ஆண்ட்ராய்டில் இருக்கும் பாதி நல்ல வசதிகள் ஸ்கின்களில் பிறந்தவை. சாம்சங் 2012லேயே நோட் 2இல் திரையைப் பிரித்து இரண்டு ஆப் ஓட்டியது. கூகுளுக்கு அது வந்தது ஆண்ட்ராய்டு 7இல், அதாவது 2016. திரையைப் பதிவு செய்யும் வசதி ஸ்டாக்கில் முறையாக வந்தது ஆண்ட்ராய்டு 11இல், 2020. சாளரம் கேட்ட நீளமான ஸ்கிரீன்ஷாட் ஆண்ட்ராய்டு 12இல், 2021. கைரேகைக்கு ஆண்ட்ராய்டிலேயே பொதுவான ஏற்பாடு 2015இல் ஆண்ட்ராய்டு 6இல்தான் வந்தது, அதற்கு முந்தைய வருடமே கேலக்சி எஸ்5இல் கைரேகை இருந்தது. போனை மானிட்டரில் சொருகி கணினி மாதிரி வேலை செய்யும் டெக்ஸ் 2017இல் எஸ்8ஓடு வந்தது. ஆண்ட்ராய்டு 16க்கு அதே மாதிரி ஒரு டெஸ்க்டாப் முறை கொண்டுவரும்போது கூகுளே சாம்சங்குடன் சேர்ந்து, டெக்ஸை அடிப்படையாக வைத்துத்தான் செய்கிறோம் என்று சொன்னது.

அப்புறம் சாம்சங்கின் இப்போதைய ஸ்கின்னான ஒன் யூஐ. 2018 கடைசியில் அறிவித்தபோது அவர்கள் செய்த முக்கியமான வேலை ஒன்று உண்டு. பெரிய திரையில் மேல்பாதியைப் பார்ப்பதற்கும் கீழ்ப்பாதியைத் தொடுவதற்கும் ஒதுக்கினார்கள். செட்டிங்ஸைத் திறந்தால் தலைப்பு மேலே பெரிதாக நிற்கும், தொட வேண்டியவை எல்லாம் கட்டைவிரல் எட்டும் உயரத்துக்கு இறங்கி வரும். எனக்குச் சின்னக் கை. ஸ்டாக் போனில் மேல் ஓரத்தில் இருக்கும் பொத்தானை எட்ட நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இதை “பூச்சு” என்று தள்ளிவிட முடியாது.

பழைய நெக்சஸ்:
நல்லதை யார் முதலில் செய்தார்கள் என்பது வேறு. அந்தக் காலத்தில் பத்து வசதி செய்து, ஒன்று தேறி, ஒன்பது குப்பையாகி, அந்த ஒன்பதும் நம் போனில் அழிக்க முடியாமல் கிடந்தன. கண்ணை வைத்தே பக்கத்தை உருட்டுவது, கையைக் காற்றில் அசைத்துப் படம் மாற்றுவது ஞாபகம் இருக்கிறதா? கூகுள் பொறுத்திருந்து தேறியதை மட்டும் எடுத்துக்கொண்டது. ஸ்டாக்காரனுக்கு அதுதான் லாபம்.

ஒற்றைக்கை:
நான்கைந்து வருடம் கழித்து வரும் லாபம். அதற்குள் நான் இரண்டு போன் மாற்றியிருப்பேன்.

அரைத்தூக்கம்:
இந்த விவாதத்தில் எப்போதும் தோற்றத்தைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஐகான் வட்டமா சதுரமா என்பது ஒரு பொருட்டே இல்லை. திரை அணைந்த பிறகு போன் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. ஸ்கின்களுக்கு இடையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, கடையில் வைத்துப் பார்த்தால் அது தெரியாது.

நான் வைத்திருந்த ஒரு போனில் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்று போட்டிருந்தேன். பகலில் ஒழுங்காகக் கூவும். இரவு போனைக் கீழே வைத்து, காலையில் எடுத்தால் எதுவும் கூவியிருக்காது, ஆப்பைத் திறந்த அடுத்த நொடி பழைய அறிவிப்புகள் எல்லாம் மொத்தமாக வந்து விழும். ஆப் செய்தவருக்குக் கோபமாக எழுதினேன். அவர் பொறுமையாகப் பதில் போட்டார், எல்லா வாடிக்கையாளருக்கும் அதே பதிலைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார் போல: உங்கள் போன் என் ஆப்பைக் கொன்றுவிடுகிறது.

நடப்பது இதுதான். ஆண்ட்ராய்டிலேயே பேட்டரி சேமிக்க ஏற்பாடு உண்டு. 2015இல் ஆண்ட்ராய்டு 6ஓடு டோஸ் வந்தது: போன் சார்ஜில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கிடந்தால் ஆப்களின் இணையத் தொடர்பையும் பின்னணி வேலைகளையும் ஒத்திப்போட்டு, இடையிடையே சிறு ஜன்னல் திறந்து எல்லாவற்றையும் சேர்த்து முடித்துக்கொள்ள விடும். ஆண்ட்ராய்டு 9இல், ஒரு ஆப்பை எவ்வளவு அடிக்கடி திறக்கிறோம் என்பதை வைத்து அதைப் படிநிலைகளில் வைக்கும் முறை வந்தது. இவை ஆவணத்தில் எழுதப்பட்ட விதிகள், ஆப் செய்பவருக்கு முன்கூட்டியே தெரியும், அலாரத்துக்கும் முக்கியமான செய்திக்கும் விலக்கு கேட்க வழி உண்டு.

சில கம்பெனிகள் இதற்கு மேல் தங்கள் கைச்சரக்கைச் சேர்க்கின்றன. சமீபத்திய ஆப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தள்ளிவிட்டால், செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் அழுத்தியதற்குச் சமமாக நிறுத்திவிடுவது அதில் ஒன்று. ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப்புக்கு வைத்திருந்த அலாரமும் போய்விடும், புஷ் செய்தியும் வராது, நாமே திறக்கும் வரை அது செத்த பிணம். “ஆப்பைத் திறந்தால்தான் மெசேஜ் கொட்டுகிறது” என்று புலம்புபவர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான். வாட்ஸ்அப்புக்கு மட்டும் ஏன் இப்படி ஆவதில்லை என்று கேட்டால், பிரபலமான ஆப்களைக் கம்பெனியே விலக்குப் பட்டியலில் வைத்துவிடுகிறது. தனி ஆள் எழுதிய சின்ன ஆப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. கடுப்பான ஆப் டெவலப்பர்கள் சேர்ந்து “டோன்ட் கில் மை ஆப்” என்று ஒரு தளமே நடத்துகிறார்கள், எந்தக் கம்பெனி எவ்வளவு மோசம் என்று தரவரிசை, ஒவ்வொன்றிலும் எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். வாங்கும் முன் அதை ஒரு தடவை பாருங்கள்.

ஒற்றைக்கை:
அந்தத் தரவரிசையில் சாம்சங் முதல் இடத்தில், அதாவது கெட்ட விதத்தில் முதல் இடத்தில் இருந்த காலம் உண்டு, எங்கள் கட்சி என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2023இல் கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து ஒன் யூஐ 6இலிருந்து விதிப்படி எழுதிய முன்னணி சேவைகள் (அறிவிப்பு காட்டிக்கொண்டே தொடர்ந்து ஓடும் ஆப் வேலைகள்) சொன்னபடி ஓடும் என்று உறுதி சொன்னார்கள். ஆண்ட்ராய்டு 14ஐக் குறிவைத்து எழுதிய ஆப்களுக்கு மட்டும்தான் அது.

கடைசி பேட்ச்:
யாரும் அப்டேட் பக்கம் வரவில்லை, நான் வருகிறேன்.

“ஸ்டாக் என்றால் அப்டேட் சீக்கிரம் வரும்” என்ற வாதம் ஒரு காலத்தில் சரி. கூகுளிலிருந்து புதிய பதிப்பு வெளிவரும், சிப் கம்பெனி அதற்கேற்ப டிரைவர்களைத் திருத்தும், போன் கம்பெனி தன் ஸ்கின்னை அதன்மேல் மறுபடி ஒட்டும், சில இடங்களில் தொலைத்தொடர்பு நிறுவனம் சோதித்து ஒப்புதல் தரும். ஸ்கின் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறதோ அவ்வளவு தாமதம். 2015இல் ஆண்ட்ராய்டின் மீடியா பகுதியில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனைப் பிடிக்கலாம் என்ற நிலையில், கோடிக்கணக்கான போன்களுக்கு மருந்து போய்ச்சேர வழியே இல்லாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் மாதாமாதம் பாதுகாப்பு பேட்ச் என்ற வழக்கமே வந்தது.

2017இல் ஆண்ட்ராய்டு 8ஓடு வந்த ட்ரெபிள் திட்டம் சிப் சார்ந்த பகுதியையும் ஆண்ட்ராய்டின் மேல்பகுதியையும் நடுவில் ஒரு நிலையான இடைமுகம் வைத்துப் பிரித்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10ஓடு மெயின்லைன் வந்தது, மீடியா கோடெக் போன்ற சில உள்பகுதிகளை பிளே ஸ்டோர் வழியாகவே, போன் கம்பெனியைக் கேட்காமல் கூகுள் புதுப்பிக்க முடியும். ஸ்டேஜ்ஃபிரைட் மாதிரி ஓட்டை இனி வந்தால் இந்த வழியாகவே பெரும்பாலும் அடைக்கலாம், ஸ்கின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். 2023இல் பிக்சல் 8க்கு ஏழு வருடம் அப்டேட் என்றது கூகுள். 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24க்கு அதே ஏழு வருடம் என்றது சாம்சங், ஆழமான ஸ்கின்னை வைத்துக்கொண்டு. கீழ்நிலை மாடலான ஏ16க்கே ஆறு வருடம். இன்னொரு பக்கம், ஸ்டாக்குக்குக் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும் மோட்டோரோலா ஜி வரிசையில் பல மாடல்களுக்கு வருடக்கணக்கில் ஒரே ஒரு பெரிய பதிப்புதான் கொடுத்து வந்தார்கள். மாற்றுவதற்கே ஒன்றும் இல்லாதபோது ஏன் கொடுக்கவில்லை? ஆள் வைத்துச் சோதிக்கச் செலவாகும், அதனால்.

ஸ்கின் இல்லாத ஆண்ட்ராய்டை மற்ற கம்பெனிகளின் போன்களில் கொண்டுவர கூகுள் நடத்திய ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தின் கதை இன்னும் பெரிய உதாரணம். 2014இல் தொடங்கினார்கள், பிறகு 2017இல் ஷாவ்மி மி ஏ1 வந்தபோது பிரமாதமாகப் பேசப்பட்டது: ஸ்கின் இல்லை, ஆண்ட்ராய்டு ஒன் முத்திரை பின்புறத்தில், இரண்டு வருடப் பதிப்பு உத்தரவாதம். அதே வரிசையின் மி ஏ3க்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்தபோது பலருடைய போன் அதன்பிறகு எழவே இல்லை, நிறுவனம் அப்டேட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் இருந்தது சுத்தமான ஆண்ட்ராய்டுதான். அதைத் தயார் செய்து சோதிக்கும் வேலை கூகுளிடம் இல்லை, போன் கம்பெனியிடம் இருந்தது, அந்தக் கம்பெனியின் கவனமெல்லாம் தன் சொந்த ஸ்கின்னான எம்ஐயூஐ மேல் இருந்தது.

ஆகவே சாளரம், ஸ்கின் பெயரைக் கேட்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு எத்தனை வருடம், மாதாமாதமா மூன்று மாதத்துக்கு ஒருமுறையா, அந்த வருடக்கணக்கு வெளியான நாளிலிருந்தா என்று கேளுங்கள். ஒரே கம்பெனிக்குள் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இதில் ஏகப்பட்ட வித்தியாசம் இருக்கும்.

பழைய நெக்சஸ்:
மி ஏ3 விஷயத்தில் பதில் இல்லை. நோக்கியா விஷயத்திலும் முதலிரண்டு வருடம் வந்த வேகம் பிறகு இல்லை, அதையும் பார்த்தேன்தான். ஆனாலும் விளம்பரத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மூலநிரல்:
விளம்பரம் ஏன் வருகிறது என்பதற்குப் பதில் ஸ்கின்னில் இல்லை, கம்பெனியின் வரவு செலவில் இருக்கிறது. ஷாவ்மி 2010 ஆகஸ்டில் எம்ஐயூஐயை வெளியிட்டது, அப்போது அவர்களிடம் போனே கிடையாது. மற்ற கம்பெனிப் போன்களில் போட்டுக்கொள்ளும் ரோமாகத்தான் (போனோடு வந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றும் மாற்று மென்பொருள்) ஆரம்பித்தார்கள், முதல் போன் அடுத்த வருடம் வந்தது. 2018இல் வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்று அறிவித்தார்கள். அப்படியானால் மீதி எங்கிருந்து வரும்? அவர்களின் நிதி அறிக்கையிலேயே இணையச் சேவைகள் என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதில் முக்கியமான வரவு விளம்பரம். 2023இல் பெயர் ஹைப்பர் ஓஎஸ் என்று மாறியது, இந்தக் கணக்கு மாறவில்லை. வன்பொருளில் லாபம் வைத்து விற்கும் மேல்நிலை மாடல்களில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பதும் இதனால்தான்.

கூகுள் போனில் விளம்பரம் தெரியவில்லை என்றால் கூகுள் விளம்பரக் கம்பெனி இல்லை என்று அர்த்தம் இல்லை, அவர்களுக்குக் கோப்பு மேலாளரில் காட்ட வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான்.

சாளரம்:
நிறைய தெளிவாகிறது, நன்றி. இந்தக் கூடுதல் ஆப்களையும் விளம்பரங்களையும் ரூட் செய்யாமல் (சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைக் கைப்பற்றாமல்) நீக்க முடியுமா? நீக்கிவிட்டால் ஸ்கின் போனே எனக்குப் போதும் போலத் தோன்றுகிறது.

துடைப்பம்:
முடியும், நான் வீட்டில் எல்லார் போனுக்கும் செய்துகொடுப்பது இதைத்தான். முதலில் சாதாரணமாக அன்இன்ஸ்டால் ஆவதை எல்லாம் நீக்குங்கள். ஆகாதவற்றை டிசேபிள் செய்ய முடிகிறதா பாருங்கள். அதுவும் முடியாதவற்றுக்கு, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் சொருகி, அங்கிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவி வழியாக “இந்தப் பயனருக்கு மட்டும்” நீக்கலாம். உண்மையில் அது அழிவதில்லை, சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கும், உங்கள் கணக்குக்குத் தெரியாது, ஓடாது. இடம் மிச்சமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபேக்டரி ரீசெட் அடித்தால் எல்லாம் திரும்பி வரும், சில சமயம் பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும்.

எதை நீக்குகிறோம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துச் செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் நீளமான பட்டியலை மொத்தமாக ஒட்டி எண்டர் தட்டியவர்களின் போன்கள் லோகோவோடு நின்றுபோவதை அடிக்கடி பார்க்கலாம். கம்பெனியின் பாதுகாப்பு ஆப், போன் கண்டுபிடிக்கும் ஆப், கம்பெனிக் கணக்கு சம்பந்தப்பட்டவை, இந்த மூன்றையும் சில ஸ்கின்களில் தொட்டால் போன் எழாது.

விளம்பரத்துக்கு ஒரே சுவிட்ச் வைத்தால் நாம் அணைத்துவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் “பரிந்துரைகள்” என்ற பெயரில் கோப்பு மேலாளர், இசை, தீம், ஆப் நிறுவும் திரை, முகப்பு ஃபோல்டர் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக ஒளித்துவைத்திருப்பார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் முடிகிற வேலை.

விடுதலை ரோம்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? பூட்லோடரை (போன் எழும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று காக்கும் பூட்டு) திறந்து, ஏஓஎஸ்பியை வைத்துத் தன்னார்வலர்கள் செய்யும் லினேஜ் ஓஎஸ் என்ற ரோம் போடுங்கள், ஒரே அடியில் ஸ்கின்னும் போகும், விளம்பரமும் போகும், கம்பெனி கைவிட்ட போனுக்கும் பேட்ச் வரும்.

துடைப்பம்:
வங்கி ஆப்?

விடுதலை ரோம்:
சில ஓடும், சில ஓடாது. போனின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைக் கடுமையாக வைத்திருக்கும் ஆப் மறுக்கும். அதற்கு வழிகள் உண்டு, ஒவ்வொரு மாதமும் மாறும் வழிகள்.

ஒற்றைக்கை:
கேமராவையும் சொல்லிவிடுங்கள். படத்தைச் சீர்செய்யும் வேலை முழுக்கக் கம்பெனியின் கேமரா ஆப்பிலும் அதன் மூடிய நூலகங்களிலும்தான் இருக்கிறது. ரோம் மாற்றினால் அதே லென்ஸ், அதே சென்சார், ஆனால் இரவுப் படம் வேறு ஏதோ போனில் எடுத்தது மாதிரி வரும். சாம்சங்கில் பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றினால் உள்ளே நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃபியூஸ் ஒன்று எரியும், பிறகு பழையதையே திரும்பப் போட்டாலும் ஆப்பையும் கோப்பையும் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது.

விடுதலை ரோம்:
எல்லாம் உண்மை. நான் பழைய போனுக்குத்தான் சொல்வேன், இரண்டாவது போனுக்கு. புது போனை வாங்கிய அன்றே திறக்கச் சொல்ல மாட்டேன்.

பெரியவர் போன்:
வேறு கோணம் ஒன்று. நான் என் அம்மா போனுக்கும் பொறுப்பு. பல வருடம் ஒரே கம்பெனி ஸ்கின் பழகியவருக்கு, சுத்தமாக இருக்கட்டும் என்று ஸ்டாக் போன் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அழகாகத் தெரிந்தது, அவருக்குப் பின்செல்லும் பொத்தான் இடம் மாறியிருந்தது, அழைப்புத் திரை வேறு, தொடர்பு எண்கள் வேறு நிறத்தில். பழைய போனில் ஈசி மோட் போட்டால் முகப்பு, எழுத்து, கீபோர்டு எல்லாம் ஒரே தட்டலில் பெரிதாகிவிடும். ஸ்டாக்கில் எழுத்தையும் காட்சி அளவையும் தனித்தனியாகக் கூட்டினேன், பாதி ஆப்களில் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய் நின்றன. கடைசியில் அதே பழைய கம்பெனியின் புது மாடலைக் கொடுத்தேன், மறுநாளிலிருந்து எனக்கு வந்த “இது எங்கே போச்சு” அழைப்புகள் நின்றன. எது சிறந்தது என்று கேட்பவர்கள் யார் கைக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பழைய நெக்சஸ்:
அதற்கு எதிர்வாதம் இல்லை. என் அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்ததே ஸ்டாக், அவருக்கு வேறு தெரியாது. எது முதலில் பழகியதோ அதுதான் சுலபம்.

சாளரம்:
சரி, என் நிலைமைக்கு வருகிறேன். இரண்டு மாடல்களில் நிற்கிறேன், ஒன்று பிக்சல், ஒன்று கனமான ஸ்கின். அப்டேட் வருடங்கள் கிட்டத்தட்ட சமம். நீளமான ஸ்கிரீன்ஷாட் இரண்டிலும் உண்டு என்று புரிந்துவிட்டது. இரண்டு கணக்கும் ஆப் பூட்டும் பிக்சலில் எப்படி?

மூலநிரல்:
வாட்ஸ்அப்புக்காக என்றால் 2023 அக்டோபரிலிருந்து அதுவே இரண்டு கணக்கை உள்ளேயே அனுமதிக்கிறது, ஸ்கின் உதவி தேவையில்லை. மற்ற ஆப்களுக்கு ஆண்ட்ராய்டு 15இல் வந்த பிரைவேட் ஸ்பேஸில் இன்னொரு பிரதியை நிறுவலாம், அதைப் பூட்டியும் வைக்கலாம், ஆக உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில். ஆனால் பிரைவேட் ஸ்பேஸைப் பூட்டினால் அதற்குள் இருக்கும் ஆப்கள் நின்றுவிடும், அறிவிப்பு எதுவும் வராது. ரகசியத்துக்கு நல்லது, இரண்டாவது கணக்கில் உடனுக்குடன் செய்தி வேண்டும் என்பவருக்குச் சரிவராது. அலுவலகக் கணக்கு மாதிரி எப்போதும் விழித்திருக்க வேண்டியதென்றால் ஸ்கின்காரர்களின் டூயல் ஆப்தான் வசதி.

அரைத்தூக்கம்:
நீங்கள் ஸ்கின் பக்கம் சாய்ந்தால், முதல் நாளே ஒரு வேலை: உங்களுக்கு முக்கியமான ஆப்கள் ஒவ்வொன்றுக்கும் பேட்டரி பகுதியில் “கட்டுப்பாடு இல்லை”, ஆட்டோஸ்டார்ட் அனுமதி, சமீபத்திய பட்டியலில் பூட்டுக் குறி, மூன்றையும் போடுங்கள். அன்று இரவு சார்ஜில் போடாமல் வைத்துவிட்டு, இன்னொருவரை விடியற்காலையில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். வந்த நேரமும் அனுப்பிய நேரமும் ஒன்றா பாருங்கள். பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் இந்த அமைப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும், சில சமயம் சத்தமில்லாமல் பழைய நிலைக்குப் போய்விடும்.

ஒற்றைக்கை:
திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இந்தச் சோதனையை அதற்குள் முடித்துவிடுங்கள்.

சாளரம்:
ஸ்கின் பக்கம்தான் போகிறேன் போலிருக்கிறது, அலுவலகக் கணக்கு காரணமாக. பழைய போனில் டூயல் ஆப்பில் இருக்கும் தரவு புது போனுக்கு வழக்கமான இடமாற்றத்தில் வந்துவிடும்தானே?

துடைப்பம்:
வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டூயல் ஆப் உள்ளுக்குள் தனிப் பயனராக ஓடுகிறது, எம்ஐயூஐயில் அந்தப் பயனர் எண் 999. சாதாரண பேக்கப் முதன்மைப் பயனரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும், கம்பெனியின் சொந்த இடமாற்ற ஆப்பிலும் பெரும்பாலும் இதே கதைதான், கம்பெனி மாறினால் சொல்லவே வேண்டாம். அந்தப் பிரதிக்குள் போய், ஆப்பின் சொந்த பேக்கப் வசதி இருந்தால் அதை இயக்கி, புது போனில் திறந்து எல்லாம் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை ரீசெட் செய்யுங்கள். இருபடி உறுதிப்பாட்டுக் குறியீடு தரும் ஆப்பையும் அங்கே பிரதியெடுத்து வைத்திருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், மற்ற கணக்குகளுக்குள் நுழைய அதுவே தேவைப்படும்.